பிரிட்டன் மாணவர் விசா: அந்த 28 நாள் கணக்கைத் தொடாதீர்கள்

பிரிட்டனுக்குப் படிக்க வருகிறவர்கள் ஆஃபர் லெட்டர், காஸ் (சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தரும் எண்), காசநோய்ப் பரிசோதனை என்று ஓடிக்கொண்டே இருப்பார்கள். அதெல்லாம் எப்படியும் நடந்துவிடும். பணக் கணக்கை மட்டும் ஏஜென்ட் கையில் விட்டுவிடாதீர்கள்.

காட்ட வேண்டியது இவ்வளவுதான்: முதல் ஆண்டுக் கட்டணத்தில் இன்னும் கட்டாத பாக்கி, அதோடு ஒன்பது மாதச் செலவு. 2025 நவம்பரிலிருந்து லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களுக்கு 1,171. ஆக, லண்டன் என்றால் செலவுக்கு மட்டும் 13,761 பவுண்டு. தொகை அவ்வப்போது ஏறும், விண்ணப்பிக்கும் முன் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். இங்கேதான் என் நண்பனின் தம்பி மாட்டினான். அவன் அப்பா கணக்கில் தேவைக்குச் சரியாகப் பணம் இருந்தது. நடுவில் அத்தை வீட்டுக் கல்யாணம் வந்தது. சீர் செய்ய இரண்டு லட்சம் எடுத்தார், மூன்றாம் நாளே திருப்பிப் போட்டுவிட்டார். நம் ஊரில் இதை யார் கேட்கப் போகிறார்கள்? ஏஜென்டும், "கடைசித் தேதியில் முழுத்தொகை இருந்தால் போதும் சார்" என்று சொல்லியிருக்கிறார். விசா நிராகரிக்கப்பட்டது. விசாவோடு சேர்த்துக் கட்டிய மருத்துவ சர்சார்ஜ் திரும்ப வந்தது, விண்ணப்பக் கட்டணம் போனது போனதுதான். செப்டம்பரில் சேர வேண்டியவன் ஜனவரிவரை வீட்டில் உட்கார்ந்திருந்தான். ஏஜென்ட் அதன்பிறகு போனையே எடுக்கவில்லை!

விதி சராசரி இருப்பைப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு நாள் இறங்கினாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். இன்சூரன்ஸ் பிரீமியம், வீட்டுக்கடன் தவணை என்று தானாகப் பணம் பிடிக்கும் கணக்கு இதற்கு ஆகாது. ரூபாயை ஓண்டா என்ற நாணய மாற்றுத் தளத்தின் விகிதப்படி, விண்ணப்பிக்கும் நாளின் மதிப்பில் பவுண்டாக்கிப் பார்ப்பார்கள். ரூபாய் சரிந்தால் யாரும் தொடாத பணமே குறைந்துவிடும். ஒரு லட்சமாவது கூடுதலாகப் போட்டு வையுங்கள். ஸ்டேட்மென்டின் கடைசித் தேதிக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் இடையே 31 நாளுக்கு மேல் போகக் கூடாது.

அப்புறம், பெரியப்பா, தாய்மாமா கணக்கைக் காட்டினால் செல்லாது. கையில் காசு இல்லாதபோது தாய்மாமாதான் நமக்கு வங்கி, ஆனால் அது இங்கே பிரிட்டனில் இருப்பவர்களுக்கு எங்கே புரியப்போகிறது! மாமா தருவதாக இருந்தால் உங்கள் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ போடச் சொல்லி, அன்றிலிருந்து 28 நாள் எண்ணுங்கள். பெற்றோர் கணக்கு என்றால் அவர்களின் சம்மதக் கடிதமும் உங்கள் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். சான்றிதழ் தமிழில் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும். அதில் அப்பா பெயர் ஒரு இனிஷியலோடும், பாஸ்புக்கில் முழுப்பெயராகவும் இருந்தால் அதை இப்போதே சரிசெய்யத் தொடங்குங்கள், தாலுகா ஆபீஸ் வேகம் உங்களுக்குத் தெரியாததா.