வேர்மண்ணில் நல்ல பாக்டீரியாவைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென்னாகரம் பக்கம் ராகி வயலுக்கு மண் எடுக்கப் போகும் மாணவர்கள் பலர் செடியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது வேரை ஒட்டிச் சில மில்லிமீட்டர் மண்தான். இழுத்தால் நுனிவேர் அறுந்து, அந்த மண்ணும் நிலத்திலேயே தங்கிவிடும். மண்வெட்டியால் வேர்க்கட்டோடு பெயர்த்து, மெல்ல உதறி, உதிராமல் ஒட்டியிருப்பதை மட்டும் எடுங்கள். அதை வெயிலில் காயவிடவும் கூடாது. காய்ந்த மண்ணில் அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ் போன்ற பயிருக்கு உதவும் பாக்டீரியாக்கள் குறைந்துபோகும். வறட்சியைத் தாங்கும் வித்தை (ஸ்போர்) உருவாக்கும் பேசில்லஸ் தாக்குப்பிடிக்கும். பிறகு ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்த்த தட்டைப் பார்த்து, 'எங்கள் மண்ணில் பேசில்லஸ்தான் அதிகம்' என்று எழுதுவோம். ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து மறுநாளுக்குள் வேலையைத் தொடங்குங்கள்.

நிலக்கடலை வேர்முடிச்சில் அவசரம்தான் எதிரி. அறுத்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் முடிச்சைத் தேர்ந்தெடுங்கள். தழைச்சத்தை நிலைப்படுத்தும் வேலை நடப்பது அதில்தான். மேற்பரப்பைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாவிட்டால், இரண்டாம் நாளே தட்டு நிறைய ஏதேதோ வளரும். நிலக்கடலையோடு சேரும் பிராடிரைசோபியம் மெதுவாக வளர்வது. கண்ணுக்குத் தெரிய ஐந்து முதல் ஏழு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். மூன்றாம் நாள் தட்டைத் தூக்கி எறிந்தவர்கள் தேடியதையே எறிந்துவிட்டார்கள். கிடைத்தது அதுதானா என்று உறுதிசெய்ய, கிருமிநீக்கிய மணலில் நிலக்கடலை விதைத்து, அந்தப் பாக்டீரியாவைக் கொடுத்து, மறுபடி முடிச்சு வருகிறதா என்று பாருங்கள்.

எனக்குப் பயம் தரும் தவறு ஒன்று உண்டு. கிங்ஸ் பி என்னும் வளர்ப்பு ஊடகத்தில் புற ஊதா ஒளியில் மின்னியதை எல்லாம் 'சூடோமோனாஸ் புளோரசென்ஸ்' என்று எழுதிவிடுவது. மனிதருக்கு நோய் தரக்கூடிய சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் மின்னும். அது 42 டிகிரியில் வளரும், புளோரசென்ஸ் வளராது. இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். நாம் கொடுக்கும் பாக்டீரியாவை விவசாயி வெறுங்கையால்தான் விதையோடு கலந்து விதைநேர்த்தி செய்கிறார். பேசில்லஸிலும் இப்படித்தான்: உணவை நஞ்சாக்கும் செரியஸை பாக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படும் 16எஸ் மரபணு வரிசை மட்டும் வைத்து அதன் நெருங்கிய உறவுகளிலிருந்து பிரிக்க முடியாது.

மணிச்சத்தைக் கரைக்கும் பாக்டீரியாவுக்குப் பிக்கோவ்ஸ்கயா என்னும் சோதனை ஊடகத் தட்டில் தெளிவான வளையம் வந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அதில் இருப்பது அமிலத்தில் எளிதில் கரையும் டிரைகால்சியம் பாஸ்பேட். நம் செம்மண்ணிலோ மணிச்சத்து இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்திருக்கிறது. அதே வயல் மண்ணை நிரப்பிய தொட்டியில் சோதியுங்கள். ஒப்பீட்டுத் தொட்டிக்கு வெறும் தண்ணீர் போதாது; அதே பாக்டீரியா வளர்ப்புக் கரைசலை ஆட்டோகிளேவில் (உயர் அழுத்த நீராவிக் கலனில்) வைத்துப் பாக்டீரியாவைக் கொன்று ஊற்றுங்கள். இல்லாவிட்டால் ஊடகத்திலுள்ள சத்தால் செழித்த பயிரைப் பாக்டீரியாவின் கணக்கில் எழுதிவிடுவோம்.