மரத்தடி இழுக்க நைலான் கயிறு வேண்டாம்

பழைய மண்ணெண்ணெய் எஞ்சின் வள்ளத்தில் விறகுத்தடி இழுப்பவர்கள் நைலானை விட்டுவிட்டு பாலிபுரொப்பிலீன் கயிறு கட்டுங்கள். வேகம் குறைந்து கயிறு தளரும்போது நைலான் மூழ்கி எஞ்சினின் விசிறியில் (புரொப்பெல்லரில்) சுற்றும். சின்ன பழைய எஞ்சினாக இருந்தால் ஷியர் பின் (விசிறியைத் தண்டோடு பிணைக்கும் சின்ன ஆணி) உடையும். பாலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும். (எப்படியும் இரண்டு பின் உதிரியாகக் கையில் இருக்கட்டும்.)

தடியைத் தூர்ப்பக்கம் (தடித்த அடிப்பக்கம்) முன்னால் வரக் கட்டுங்கள், முனையிலிருந்து ஓரடி தள்ளி. வெட்டிய கிளைகளின் மிச்சக் கட்டைகள் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால் தண்ணீரைப் பிடிக்காது. வள்ளத்தின் பின்மூலைகள் இரண்டிலிருந்தும் கயிறு எடுத்து நடுவில் சேருங்கள். ஒரு மூலையில் மட்டும் கட்டினால் வள்ளம் அந்தப் பக்கமே இழுபடும்.

நடை வேகம் போதும். வேகம் இரட்டித்தால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும், எண்ணெய்தான் வீண். ஆனால் மெதுவாகவே ஓடினால் மண்ணெண்ணெய் சரியாக எரியாமல் பிளக்கில் கரி பிடிக்கும். அவ்வப்போது அரை நிமிடம் முறுக்கிவிடுங்கள். நிறுத்துமுன் பெட்ரோலுக்கு மாற்றினால்தான் அடுத்த முறை இழுத்ததும் ஸ்டார்ட் ஆகும்.

இதெல்லாம் கன்னியாகுமரி மாவட்டத் தேங்காப்பட்டணம் பக்கத்துக் காயல், ஆற்றின் அமைதியான தண்ணீருக்குத்தான். பொழிமுகத்தில் (ஆறு கடலில் சேரும் இடத்தில்) அலை இருந்தால் தடி வள்ளத்தின் பின்னால் வந்து இடிக்கும். வனத்துறை முத்திரை குத்திய தடியைத் தொடவே வேண்டாம்.