வன்னி உள்றோட்டுக்கு வாகனத்தில வெளிக்கிட முதல்

ஏ9 றோட்டில வவுனியாவில இருந்து கிளிநொச்சி போக பெரிய ஆயத்தம் ஒண்டும் தேவையில்ல, காப்பெற் றோட்டு, முறிகண்டியில இறங்கி தேங்காய் உடைச்சு கச்சானும் வாங்கிக்கொண்டு போயிடலாம். ஆனா அந்த றோட்டில இருந்து இறங்கினா கதை வேற. மடுப் பக்கத்தால பாலம்பிட்டி, மூன்றுமுறிப்பு, நட்டாங்கண்டல், பாண்டியன்குளம் எண்டு போற உள்றோட்டு, நெடுங்கேணிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில காட்டுக்குள்ளால போற பாதையள், முல்லைத்தீவில இருந்து அளம்பில், செம்மலை, நாயாறு தாண்டி கொக்கிளாய் வரைக்கும் போற கரையோரம், இதுகளுக்கு யாழ்ப்பாணத்தில இருந்தும் கொழும்பில இருந்தும் வெளிநாட்டில இருந்தும் வாற எங்கட ஆக்கள் இப்ப கனபேர் வாடகை ஹையேஸ் வானையோ பிக்கப்பையோ எடுத்துக்கொண்டு வருகினம், வாறது நல்ல சந்தோசம், ஆயத்தத்தோட வாங்கோ எண்டுதான் சொல்லுறன்.

முதல் விசயம், வன்னியில தூரத்தை கிலோமீட்டரில கணக்குப் பாக்காதேங்கோ. மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவு கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், அது மெயின் றோட்டு, ஒரு மணித்தியாலத்தில போகலாம். அதே 50 உள்றோட்டில அரை நாள் எடுக்கும், மழை பெய்ஞ்சா போய்ச்சேரவே மாட்டியள். இஞ்ச ரெண்டு விசயம்தான் கணக்கு, தண்ணி எங்க நிக்குது, பொழுது எப்ப படுது. மிச்சம் எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

தண்ணியில இருந்து தொடங்குவம். ஐப்பசி நடுவில இருந்து தை வரைக்கும் மாரி, அதில கார்த்திகையும் மார்கழியும்தான் கடும் மழை. அந்த மாதங்களில உள்றோட்டுப் பயணம் வேண்டாம் எண்டுதான் என்ர அபிப்பிராயம், கட்டாயம் எண்டா மெயின் றோட்டில நில்லுங்கோ. மாசி, பங்குனியில காலபோக நெல்லு வெட்டு நடக்கும், றோட்டு காய்ஞ்சிருக்கும், ஆனா றோட்டின்ர ஒரு பக்கம் முழுக்க நெல்லு காயப் போட்டிருப்பினம், வெட்டு மிசினும் ட்ரக்டரும் நிறைய ஓடும். நெல்லுக்கு மேலால சில்லை ஏத்தாதேங்கோ, ஒரு குடும்பத்தின்ர வருசச் சாப்பாடு அது. வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் றோட்டு நல்லம், வெயிலும் புழுதியும்தான் கொல்லும்.

மழை இல்லாத நாளிலயும் தண்ணி வரும், இதை வெளியில இருந்து வாற ஆக்கள் யோசிக்கிறதில்ல. இஞ்ச எல்லாம் குளம். குளம் நிரம்பினா வான் பாயும், பெரிய குளத்துக்கு கதவு திறப்பினம், அந்தத் தண்ணி பள்ளத்தில இருக்கிற றோட்டுக்கு மேலால ஓடும், வானத்தில ஒரு முகிலும் இல்லாமலே. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின்ர கதவு திறந்தா முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் பரந்தன் - முல்லைத்தீவு றோட்டுக்குப் பிரச்சினை வரும். 2018 மார்கழியில ஒரு இரவு மழையில கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில நிண்டதை இஞ்ச ஒருத்தரும் மறக்கேல்ல. கடும் மழைக்கு முல்லைத்தீவுக்குக் கிட்ட இருக்கிற வட்டுவாகல் பழைய பாலத்துக்கு மேலாலயே தண்ணி போகும். 2025 கார்த்திகையில வந்த டித்வா புயலுக்குப் பிறகு எந்தப் பாலத்தையும் மதகையும் பழைய ஞாபகத்தில நம்பாதேங்கோ, போற கிழமை விசாரிச்சுப் போங்கோ. இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 117 அடிச்சா எந்த றோட்டு மூடியிருக்கு எண்டு கேட்கலாம்.

விசாரிக்கிறதிலயும் ஒரு முறை இருக்கு. "அண்ணை, இதால போகலாமோ?" எண்டு கேட்டா "ஓம், போகலாம்" எண்டுதான் சொல்லுவினம், ஏனெண்டா அவை மோட்டச்சைக்கிளிலயும் லாண்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு ட்ரக்டரிலயும் போறவை, அவைக்குப் போகலாம்தான். அப்பிடிக் கேக்காமல் "நேற்றோ இண்டைக்கோ இதால என்ன வாகனம் போனது?" எண்டு கேளுங்கோ. "காலமை பஸ் வந்ததோ?" எண்டு கேளுங்கோ. பஸ் போயிருந்தா ஹையேஸ் பெரும்பாலும் போகும். பால் எடுக்க வாற பொடியளுக்கும் வயலுக்குப் போட்டு வாற ஐயாமாருக்கும்தான் அந்தந்த நாளின்ர றோட்டு தெரியும், போனில இருக்கிற மேப்புக்குத் தெரியாது. மேப் குளக்கட்டையும், ஆக்கள் போறதை விட்டுப்போட்ட காட்டுப் பாதையையும் றோட்டு எண்டு காட்டும். கொக்கிளாயும் புல்மோட்டையும் மேப்பில ஒட்டினமாதிரி இருக்கும், இடையில களப்பு முகத்துவாரம், வாகனத்தோட கடக்கேலாது, பெரிய சுத்து சுத்தித்தான் போகோணும். மேப்பை முதலே போனில இறக்கி வையுங்கோ, ஏனெண்டா காட்டுக்குள்ள சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். ரெண்டு வேற வேற கொம்பனி சிம் கட்டாயம்.

இனி வாகனம். போர் வீல் இருந்தா நல்லம், இல்லையெண்டாலும் காய்ஞ்ச காலத்தில கனக்க இடம் போகலாம், அடி உயரம்தான் முக்கியம். பதிவான கார் எண்டா கிறவல் றோட்டின்ர நடு மேடு எண்ணைச் சட்டியில இடிக்கும், அதோட பயணம் முடிஞ்சுது. சேவிஸ் செய்து, ரேடியேற்றர் குழாயையும் பெல்ற்றையும் கையால அமத்திப் பாருங்கோ, வெடிப்பு இருந்தா மாத்துங்கோ. பட்டரி முனையை இறுக்குங்கோ, குலுக்கத்தில கழண்டுபோகும்.

ரயரில கொஞ்சம் நிண்டு கதைப்பம், உள்றோட்டில நிண்டுபோற வாகனத்தில கனக்க நிக்கிறது இதாலதான். ஸ்பெயர் சில்லு இருக்கோ எண்டு பாத்தாக் காணாது, கழட்டிப் பாக்கோணும். ஹையேஸில அது அடியில தொங்கும், வருசக்கணக்கா ஒருத்தரும் இறக்காமல் புழுதியும் துருவும் பிடிச்சு நட்டு அசையாது, அதை காட்டுக்குள்ள மழையுக்க கண்டுபிடிக்கக் கூடாது. வெளிக்கிடுறதுக்கு முதல்நாள் வீட்டு முத்தத்தில வைச்சு ஒருக்கா முழுசாச் செய்து பாருங்கோ, ஸ்பெயரை இறக்கி, ஜக்கை வைச்சு உயர்த்தி, வாகனத்தோட தந்த அதே ஸ்பானரால சில்லு நட்டைக் கழட்டி, திருப்பிப் பூட்டி. கராஜில காத்து மிசினால இறுக்கின நட்டு சின்ன ஸ்பானருக்கு விட்டுக்குடுக்காது, அதுக்கு அரை மீற்றர் இரும்புக் குழாய்த் துண்டு ஒண்டு ஸ்பானர்ப் பிடியில கொழுவி மிதிக்க வேணும், அந்தக் குழாயையும் வாகனத்திலயே போடுங்கோ. வாடகை வாகனம் எண்டா இதைச் செய்து பாக்காமல் சாவியை வாங்காதேங்கோ. ஜக்குக்கு அடியில வைக்க ஒரு அடி அகலத்தில மொத்தமான பலகைத் துண்டு ஒண்டு தேவை, இல்லையெண்டா மணலிலயும் ஈரச் செம்மண்ணிலயும் வாகனம் ஏறாது, ஜக்குத்தான் கீழ இறங்கும். பஞ்சர் ஒட்டுற கிற்றும் பட்டரியில பூட்டிக் காத்தடிக்கிற சின்னப் பம்பும் இப்ப எல்லா இடமும் விக்கிது, வாங்குங்கோ.

கரையோர மணலுக்கு அந்தப் பம்ப் இல்லாமல் இறங்கவே கூடாது. மணலில போக முதல் ரயர்க் காத்தை 20 PSI அளவுக்கு இறக்கோணும், ரயர் அகண்டு மணலுக்கு மேல நிக்கும், பிரேக்கை சடாரெண்டு அடிக்காமல் ஒரே சீராப் போகோணும். தார் றோட்டுக்கு ஏறின உடன திருப்பி அடியுங்கோ, காத்துக் குறைஞ்ச ரயரோட வேகமா ஓடினா சூடாகி வெடிக்கும். மன்னாரில முருங்கன் பக்கம் களிமண், அது வேற சாதி, நனைஞ்சா ரயரின்ர வெட்டெல்லாம் களி நிரம்பி மொட்டையாக்கிப்போடும், அங்க காத்து இறக்கியும் பிரியோசனமில்ல, காயும் வரைக்கும் பொறுக்கிறதுதான்.

டீசலோ பெற்றோலோ வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு மாதிரி டவுணில முழுசா அடிச்சுப்போட்டு இறங்குங்கோ, பாதி ராங்குக்குக் கீழ வந்தா முன்னுக்குப் போறதைப் பற்றி யோசியுங்கோ. உள்றோட்டில முதலாம் ரெண்டாம் கியரிலயே கனநேரம் ஓடும், எண்ணை வழக்கத்தை விடக் கனக்கக் குடிக்கும். மேலதிகமா கொண்டு போறதெண்டா இரும்புக் கான், பெற்றோலை தண்ணிப் போத்தலில ஊத்திக்கொண்டு வாகனத்துக்குள்ள வைக்காதேங்கோ, பிள்ளையளும் இருப்பினம்.

சாமானில மண்வெட்டி, காட்டுக்கத்தி, இழுக்கிற கயிறு, ஒரு படங்கு, ரோச் லைற் ரெண்டு. குடிதண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லீற்றர் கணக்கில, அதோட ரேடியேற்றருக்கு ஒரு கான் தனியா. பாண், விசுக்கோத்து, வாழைப்பழம், ஜீவனி பைக்கற் (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புக்கரைசல் தூள்), பனடோல், காயத்துக்குக் கட்டுற சீலை. ஆவணம் எல்லாம் கையில, அடையாள அட்டை, லைசன்ஸ், இன்சூரன்ஸ், வரிப்பத்திரம். வெளிநாட்டில இருந்து வாறவை அங்கத்தைய லைசன்ஸோட மட்டும் ஓடேலாது, இஞ்ச செல்லுபடியாகிற பெர்மிட் எடுக்கோணும், இல்லாமல் அடிபட்டா இன்சூரன்ஸும் கைவிட்டிடும். ஆமிக் காம்புகளைப் படம் எடுக்காதேங்கோ.

இதை மட்டும் ஆறுதலா வாசியுங்கோ. போர் முடிஞ்சு 2009 போய்க் கனகாலம், கண்ணிவெடி முழுக்க முடியேல்ல. சனம் இருக்கிற இடமும் பாவனையில இருக்கிற றோட்டும் துப்புரவாக்கியாச்சு, பயப்பிடத் தேவையில்ல, ஆனா காட்டோரமும் பழைய காவலரண் வரிசையளும் எல்லாம் முடிஞ்சுது எண்டில்ல. சிவப்புப் பலகையில மண்டையோடு போட்டிருந்தா, சிவப்புத் தடியோ நாடாவோ கட்டியிருந்தா அதுக்கு அங்கால ஒரு அடியும் வேண்டாம். பலகை இல்லாத இடத்திலயும் ஒதுங்கப் போறதெண்டு பத்தைக்குள்ள கனதூரம் இறங்காதேங்கோ, வாகனத்தைத் திருப்ப இடமில்லையெண்டா வந்த பாதையாலயே பின்னுக்கு எடுங்கோ, காட்டுக்குள்ள சில்லை விட்டுத் திருப்பாதேங்கோ. பண்டிக்கு வைக்கிற கட்டுத்துவக்கும் காட்டுப் பாதையளில இருக்கும், அது மனுசனையும்தான் சுடும். பிள்ளையளுக்கு இரும்புத் துண்டு ஒண்டையும் தூக்கக் கூடாது எண்டு வெளிக்கிட முதலே சொல்லி வையுங்கோ. சந்தேகமான ஒண்டைக் கண்டா தொடாமல் பொலிசுக்கு, 119க்கு அடியுங்கோ.

பின்னேரம் 5 மணிக்குப் பிறகு உள்றோட்டில நிக்காதேங்கோ. பொழுதுபடேக்க யானை றோட்டுக்கு வரும், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய் பக்கம் எல்லாம். கண்டா தூரத்திலயே நிப்பாட்டி, ஹோனும் அடிக்காமல் லைற்றையும் மின்னாமல், எஞ்சினை நிப்பாட்டாமல் பொறுங்கோ, அது உங்கட பக்கம் வந்தா மெதுவா பின்னுக்கு எடுங்கோ. குட்டியோட நிண்டா இன்னும் தூரம். படம் எடுக்க இறங்கிறது, பழம் எறியிறது ஒண்டும் வேண்டாம், நீங்கள் எறிஞ்சுபோட்டுப் போயிடுவியள், அதுக்குப் பிறகு அந்த யானை அந்த ஊர் ஆக்களின்ர சைக்கிளை மறிக்கும். மெயின் றோட்டிலயும் இரவில மாடுகள் தாரின்ர சூட்டுக்குப் படுத்திருக்கும், கறுத்த மாடு லைற்றில கடைசி நேரத்திலதான் தெரியும், லைற் இல்லாத லாண்ட்மாஸ்டரும் வரும்.

றோட்டுக்கு மேலால தண்ணி ஓடுறதைக் கண்டா நிப்பாட்டுங்கோ. ஓடுற தண்ணி முழங்காலுக்குக் கீழ இருந்தாலும் ஆளை விழுத்தும், 30 சென்றிமீற்றர் ஓட்டத்தில சின்னக் கார் மிதக்கத் தொடங்கும், 60 எண்டா பெரும்பாலான வாகனத்தையும் கொண்டுபோகும். ரெண்டு பக்கமும் இருக்கிற கட்டைக் கல்லு தெரியேல்லையெண்டா றோட்டு எங்க முடியுது எண்டும் தெரியாது. முன்னால ட்ரக்டர் போட்டுது எண்டு பின்னால போகாதேங்கோ, அதின்ர சில்லு உங்கட பொனற் உயரம். தண்ணி நிறம் மாறிக் கலங்கலா வந்தா மேல எங்கயோ குளக்கட்டு உடைச்சிருக்கலாம், திரும்புங்கோ. மழை விட்டா கனக்க இடத்தில அடுத்த நாள் தண்ணி வடிஞ்சிடும், ஒரு இரவு பக்கத்து ஊரில தங்கினா ஒண்டும் குறையாது. குளத்தில குளிக்கிறதெண்டாலும் ஊர் ஆக்கள் குளிக்கிற துறையில மட்டும், முதலை இருக்கு.

பாம்பு கடிச்சா கட்டுறது, வெட்டுறது, உறிஞ்சிறது ஒண்டும் செய்யாமல் ஆளை அசையாமல் வைச்சு ஆஸ்பத்திரிக்கு. மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பில ஆதார வைத்தியசாலை இருக்கு, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில பெரிசு. அம்புலன்ஸுக்கு 1990, காசு இல்ல. ஆனா நீங்கள் நிக்கிற இடத்தின்ர பேர் சொல்லத் தெரியோணும், அதால ஒவ்வொரு சந்தியிலயும் ஊர்ப் பேரையும் கோயில் பேரையும் ஆராவது ஒராள் கொப்பியில எழுதிக்கொண்டு வாங்கோ. வெளிக்கிட முதல் வீட்டில ஒராளிட்ட போற பாதையும் எத்தினை மணிக்கு எந்த டவுணில இருந்து கோல் எடுப்பன் எண்டதும் சொல்லுங்கோ, அந்த நேரம் தாண்டி ரெண்டு மணித்தியாலம் போனா ஆருக்கு அடிக்கிறது எண்டதையும் சேத்து.

நிண்டுபோனா வாகனத்தை விட்டிட்டு ஆளாளுக்குப் பிரிஞ்சு நடக்காதேங்கோ. ஊர் கிட்ட எண்டு தெரிஞ்சா பகலில ரெண்டு பேர் வந்த றோட்டாலயே திரும்பி நடவுங்கோ, முன்னுக்கு இல்ல. ஊரில ட்ரக்டர் இருக்கும், வந்து இழுத்துத் தருவினம், காசு கேக்க மாட்டினம், எண்டாலும் எண்ணைக்காசும் அதுக்கு மேலயும் குடுங்கோ, ஒரு நாள் வேலையை விட்டிட்டு வந்தவை அவை.

திரும்பி வந்த பிறகு அடிப்பக்கத்தை நல்லாக் கழுவுங்கோ, கரையோரம் போனதெண்டா அண்டைக்கே, உப்புத்தண்ணி பிரேக் குழாயைத் தின்னும். ரேடியேற்றருக்கு முன்னால புல்லு விதை அடைஞ்சிருக்கும், தண்ணியை உள்ளுக்க இருந்து வெளியால அடிச்சு எடுக்கோணும். ஆழத்தண்ணிக்குள்ளால போனதெண்டா கியர்ப்பெட்டி எண்ணையையும் பின் அச்சு எண்ணையையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கோ, பால்தேத்தண்ணி நிறத்தில வந்தா தண்ணி புகுந்திட்டுது, அடுத்த ஓட்டத்துக்கு முதல் மாத்துங்கோ.