போகிமான் 151 செட் முழுசா சேர்த்தாச்சா? பைண்டர் வாங்கும் முன் படியுங்கள்

2023-இல் வந்த போகிமான் 151 என்ற விளையாட்டு அட்டைத் தொகுப்பின் ஆங்கில செட்டில், சீக்ரெட் ரேர் அட்டைகளையும் (செட்டின் வழக்கமான எண்ணிக்கையைத் தாண்டிய எண் கொண்ட அரிய அட்டைகள்) சேர்த்து மொத்தம் 207 அட்டைகள். பக்கத்துக்கு 9 பாக்கெட் இருக்கும் பைண்டரில் (அட்டைகளைச் செருகி வைக்கும் ஆல்பம்) அது மிச்சமில்லாமல் சரியாக 23 பக்கம் நிரம்பும், பார்க்கவே அவ்வளவு அழகு! ரிவர்ஸ் ஹோலோவும் (படத்தைச் சுற்றியுள்ள பகுதி மினுங்கும் அட்டை வகை) சேர்க்கிறவர்கள் 480 அட்டை கொள்ளும் பெரியதை எடுங்கள்.

வட்ட வளையம் வைத்த பைண்டர் வேண்டவே வேண்டாம். மூடும்போது பக்கங்கள் வளையத்தின் மேல் வளைந்து, உள்வரிசை அட்டைகளின் ஓரத்தில் தடம் பதிந்துவிடும், பதிந்தால் போகாது. வளையம்தான் வேண்டுமென்றால் டி வடிவம் பரவாயில்லை. ஆனால் பக்கங்கள் நிலையாகத் தைக்கப்பட்டு, பாக்கெட் பக்கவாட்டில் திறக்கிற, ஜிப் வைத்த பைண்டர்தான் என் தேர்வு, ஏனென்றால் அதில் அட்டை மேல்பக்கமாக நழுவி வெளியே விழாது.

பிளாஸ்டிக் என்ன என்று கட்டாயம் பாருங்கள். பிவிசி நாளடைவில் அட்டையைக் கெடுக்கும், பாலிப்ரொப்பிலீன் பாதுகாப்பானது. அப்புறம், அட்டையை மெல்லிய ஸ்லீவில் (அட்டை அளவு பிளாஸ்டிக் உறை) போட்டுவிட்டே பாக்கெட்டில் வையுங்கள். ஒரு பாக்கெட்டில் இரண்டு அட்டையைத் திணிக்காதீர்கள்.

அலமாரியில் புத்தகம் மாதிரி நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வைத்தால் போதும்.