ஏப்ரலில் தடுமாறும் பேஸ்பால் நட்சத்திரத்தை எடைபோடுவது எப்படி?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஆனால் பெருந்தொகைக்கு ஒப்பந்தமான பேட்டர் ஒருவர் முதல் நான்கு வாரங்களில் சோபிக்காவிட்டால், ஏப்ரல் முடிவதற்குள்ளாகவே அவர் கதை முடிந்துவிட்டது என்ற பேச்சு எழுந்துவிடுகிறது.

அந்தப் பேச்சில் சேர்வதற்கு முன், பேட்டிங் சராசரியைச் சற்று ஒதுக்கி வையுங்கள். கிரிக்கெட்டைப் போல ரன்களைக் கொண்டு கணக்கிடப்படாமல், மொத்த அட்-பேட்களில் (பேட்டர் மட்டையோடு களமிறங்கும் வாய்ப்புகள்; ‘வாக்’ போன்ற சில இதில் சேரா) எத்தனை ஹிட்களாயின (பந்தை அடித்துப் பாதுகாப்பாக பேஸை அடைந்தவை) என்பதையே அது காட்டுகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 100 அட்-பேட்கள் என்று கொண்டால், மெச்சத்தக்க 0.300-க்கும் ஏச்சு வாங்கித்தரும் 0.220-க்கும் இடையே இருப்பது எட்டு ஹிட்கள்தான். அதாவது வாரத்துக்கு இரண்டு. ஷார்ட்ஸ்டாப் எனும் ஃபீல்டர் பாய்ந்து பிடித்த ஒரு பந்தும், குளிர்ந்த காற்றில் வேகமிழந்து வேலியருகே கேட்ச் ஆன ஒரு பந்தும் அந்த இரண்டை விழுங்கிவிடும். சிகாகோ, டெட்ராய்ட் போன்ற நகரங்களின் ஏப்ரல் இரவுகளில் இது அடிக்கடி நடப்பதுதான்.

அடுத்து, ஸ்ட்ரைக் அவுட்களையும் (மூன்று ஸ்ட்ரைக்குகளால் ஆட்டமிழப்பது) ‘வாக்’களையும் (நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸை இலவசமாகப் பெறுவது) அந்த வீரரின் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுங்கள். இவற்றில் ஃபீல்டர்களுக்குப் பங்கில்லை என்பதால், குறைந்த ஆட்டங்களிலேயே இவை உண்மையைச் சொல்லத் தொடங்கிவிடும். பின்னர் பேஸ்பால் சாவன்ட் என்ற புள்ளிவிவர இணையதளத்தில், மட்டையிலிருந்து பந்து எவ்வளவு வேகத்தில் புறப்படுகிறது என்று பாருங்கள். மணிக்கு 95 மைலோ அதற்கு மேலோ செல்லும் அடிகளின் விகிதம் குறையாதிருந்தால், பெரும்பாலும் பொறுத்திருப்பதே சரி.

2024 ஏப்ரல் இறுதியில் நியூயார்க் யாங்கீஸ் வீரர் ஆரன் ஜட்ஜின் சராசரி 0.220-ஐக்கூடத் தொடவில்லை, யாங்கீ ஸ்டேடியத்தில் சொந்த ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு ஏளனம் செய்தனர். அந்தப் பருவத்தை அவர் 0.322 சராசரியோடும் 58 ஹோம் ரன்களோடும் (பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது) முடித்து, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் எம்விபி (மிக மதிப்புமிக்க வீரர்) விருதையும் பெற்றார்.

பால்டிமோர் ஓரியோல்ஸ் வீரர் கிறிஸ் டேவிஸின் நிலை வேறு. 2018 செப்டம்பரில் தொடங்கி 2019 ஏப்ரல் 13 வரை, தொடர்ந்து 54 அட்-பேட்களில் அவருக்கு ஒரு ஹிட்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் 2018-இலேயே அவர் சராசரி 0.168-ஆகவும் ஸ்ட்ரைக் அவுட்கள் 192-ஆகவும் இருந்தன. எனவே அந்த ஏப்ரலை மட்டும் தனியே எடுத்துப் படிப்பதில் பொருளில்லை. சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

வயதைக் கணக்கில் கொள்ளலாம்; அதையே தீர்ப்பாக்கிவிடக் கூடாது. 2009-இல் 33 வயதான பாஸ்டன் ரெட் சாக்ஸ் வீரர் டேவிட் ஓர்டிஸ் தம் முதல் ஹோம் ரன்னை அடிக்க மே 20 வரை காத்திருந்தார்; ஆண்டு முடிவில் அவர் கணக்கில் 28 இருந்தன. அடியின் வேகம் குறைந்து, ஸ்ட்ரைக் அவுட்களும் கூடியிருக்கின்றன என்றால் மட்டும், காயம் ஏதேனும் மறைக்கப்படுகிறதா என்று ஐயுறலாம்; அப்போதும் மே மாத இறுதிவரை கைவிட வேண்டாம் என்பதே என் கருத்து.