ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை): ஒளிந்திருக்கும் இரண்டாவது கோளாறைப் பிடிப்பது எப்படி?

பிஎச், பிசிஓ2 (ரத்தத்தில் கார்பன் டைஆக்சைடின் அழுத்தம்), பைகார்பனேட் நார்மல் அளவுகள் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். தேர்வில் மார்க் போவது அங்கே இல்லை. 'மெட்டபாலிக் அசிடோசிஸ்' (பைகார்பனேட் குறைந்து ரத்தம் அமிலப் பக்கம் சாய்வது) என்று எழுதியதும் விடை முடிந்தது என்று நினைப்பதில்தான் போகிறது.

கேஸ்: செப்சிஸ் (தொற்றால் உடல் முழுதும் வரும் கடும் பாதிப்பு), கூடவே கடும் வயிற்றுப்போக்கு. பிஎச் 7.30, பிசிஓ2 25, பைகார்ப் 12, சோடியம் 138, குளோரைடு 112, அல்புமின் 2 (டெசிலிட்டருக்கு கிராம்).

1. ரிப்போர்ட்டை நம்பலாமா என்று முதலில் பாருங்கள். 24 × பிசிஓ2 ÷ பைகார்ப், அதாவது 24 × 25 ÷ 12 = 50. இது ஹைட்ரஜன் அயனி அளவு. பிஎச்சின் கடைசி இரண்டு இலக்கத்தை 80-இலிருந்து கழித்தாலும் 50 வருகிறது, சரி. (இந்தக் குறுக்குவழி 7.2 முதல் 7.5 வரைதான் ஓடும்.)

2. பிஎச்சும் பைகார்பும் குறைவு: மெட்டபாலிக் அசிடோசிஸ்.

3. விண்டர்ஸ் ஃபார்முலா (இந்த பைகார்புக்கு பிசிஓ2 எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்வது): 1.5 × 12 + 8 = 26, கூட்டிக் கழிக்க 2. பிசிஓ2 25 இதற்குள் அடங்குவதால் நுரையீரல் பக்கம் தனிக் கோளாறு இல்லை. 28-க்கு மேல் இருந்திருந்தால் பிசிஓ2 'நார்மலுக்குக் கீழே' இருந்தாலும் ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸும் (கார்பன் டைஆக்சைடு போதுமான அளவு வெளியேறாதது) உண்டு என்று எழுத வேண்டும்.

4. பலரும் சறுக்கும் படி இது. அனயான் கேப் (ரிப்போர்ட்டில் அளக்காத எதிர்மின் அயனிகளைக் காட்டும் இடைவெளி) = சோடியம் − (குளோரைடு + பைகார்ப்) = 138 − (112 + 12) = 14. நார்மல் 12 என்பதால், 'கிட்டத்தட்ட நார்மல், வயிற்றுப்போக்கால் வந்தது' என்று எழுதத் தோன்றும். அல்புமினைப் பாருங்கள். நார்மல் கேப்பின் பெரும்பங்கு அல்புமினின் எதிர்மின்னூட்டம்தான். அது குறைந்தால் கேப்பும் தானாகச் சுருங்கி, லாக்டேட் (செப்சிஸில் ரத்தத்தில் சேர்வது) ஏறியிருப்பதை மறைத்துவிடும். 4-க்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 2.5 கூட்டுங்கள்: 14 + 5 = 19. ஹை கேப்! கேள்வியில் அல்புமின் 20 என்று இருந்தால் அது லிட்டருக்கான அளவு. பத்தால் வகுத்துவிட்டுக் கூட்டுங்கள்.

5. டெல்டா ரேஷியோ (கேப் ஏறிய அளவை பைகார்ப் குறைந்த அளவால் வகுப்பது): (19 − 12) ÷ (24 − 12) = 0.58. ஒன்றுக்குக் கீழே என்றால் நார்மல் கேப் அசிடோசிஸும் கலந்திருக்கிறது. 2-க்கு மேல் போனால் மெட்டபாலிக் அல்கலோசிஸைத் (பைகார்ப் கூடி ரத்தம் காரப் பக்கம் சாய்வது) தேடுங்கள்.

விடை: செப்சிஸால் ஹை கேப், வயிற்றுப்போக்கால் நார்மல் கேப், இரண்டும் சேர்ந்தது. லாக்டேட் பார்க்கச் சொல்லி எழுதுங்கள்.

ஆப் எதுவும் வேண்டாம் என்பேன். கையால் போட்டுப் பழகினால்தான் எந்த எண் எதை இழுக்கிறது என்று பிடிபடும்.

பின்சேர்க்கை: கேப் கணக்கில் சோடியத்தோடு பொட்டாசியத்தைக் கூட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூட்டினால் நார்மலை 16 என்று வைக்க வேண்டும். கூட்டிவிட்டு 12-ஓடு ஒப்பிட்டால் நார்மல் ஆளுக்கும் அசிடோசிஸ் வரும்.