துப்பாக்கி, கத்தி: அமெரிக்க மாநிலச் சட்டங்களைப் படிக்கும் வரிசை

துப்பாக்கிக்கும் கத்திக்கும் அமெரிக்கா முழுவதற்கும் ஒரே சட்டம் கிடையாது. வாஷிங்டனிலுள்ள கூட்டாட்சி அரசு ஒன்று சொல்லும், மாநிலம் ஒன்று சொல்லும், சில ஊர்களில் நகராட்சியும் தன் பங்குக்கு ஒன்று சொல்லும். டெக்சஸின் ஹூஸ்டனிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் அரிசோனா வழியாகக் கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் போவதாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

1. முதலில் விசா

எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். 15 ஆண்டு வரை சிறை. டெக்சஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியால் நாலு குண்டு சுடுவதும் இதில் அடங்கும். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை.

2. வைத்திருப்பது வேறு, இடுப்பில் செருகுவது வேறு, காரில் கொண்டுபோவது வேறு

மூன்றுக்கும் தனித்தனிப் பிரிவுகள். டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டத் தடை ஏதும் இல்லாத 21 வயதானவர் பர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். ஆனால் வாசலில் சிவப்பு ‘51%’ பலகை (பாதிக்கு மேல் வருமானம் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து என்று பொருள்) மாட்டிய மதுக்கூடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. அரிசோனாவிலும் பர்மிட் தேவையில்லை.

கலிஃபோர்னியா அப்படியே தலைகீழ். வேறு மாநிலப் பர்மிட் அங்கே செல்லாது. ஓட்டுநர் உரிமம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். எனவே மாநில எல்லையான கொலராடோ ஆற்றைத் தாண்டுமுன், அரிசோனாக் கரையிலேயே வண்டியை நிறுத்துங்கள். மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பகுதி) கழற்றி, துப்பாக்கிக்குள் தோட்டா மிச்சமில்லை என்று பார்த்து, துப்பாக்கியைப் பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். டேஷ்போர்டு அறையைப் பூட்டினாலும் அது ‘பூட்டிய பெட்டி’ ஆகாது. 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

3. கத்தியை அலட்சியம் செய்யாதீர்கள்

டெக்சஸில் 2017 முதல் அலகு (வெட்டும் பகுதி) 5.5 அங்குலத்துக்கு மேற்பட்ட கத்தியைக்கூடப் பெரியவர்கள் எடுத்துப் போகலாம். பள்ளி, மருத்துவமனை, கோயில் போன்ற இடங்களில்தான் தடை. கலிஃபோர்னியாவில் மடக்குக்கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். மடங்காத கத்தியைச் சட்டைக்குள் மறைத்தால் குற்றம். உறையிலிட்டு இடுப்பில் வெளியே தெரியத் தொங்கவிட வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குள் நுழைந்ததும் கதை மாறும். அலகு 3 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள கத்தி பொது இடத்தில் வெளியே தெரியக் கூடாது என்கிறது நகரச் சட்டம். மாநிலம் ‘மறைக்காதே’ என்கிறது, நகரம் ‘காட்டாதே’ என்கிறது. தொழில் போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றில் நீங்கள் வராவிட்டால் 4 அங்குல உறைக்கத்திக்கு இடம் கார் டிரங்க்தான். கத்தி விஷயத்தில் நகரங்கள் தனிச்சட்டம் போடக் கூடாது என்று அரிசோனா 2010-லேயே தடுத்துவிட்டது. புத்திசாலித்தனமான ஏற்பாடு!

செயலிகளில் வரும் வண்ண வரைபடங்கள் எனக்குப் பிடிக்காது; பெரும்பாலும் கத்தியையே விட்டுவிடுகின்றன. மாநிலச் சட்டமன்றத் தளத்தில் பிரிவையே படியுங்கள், கடைசித் திருத்தத் தேதியோடு.

பின்சேர்க்கை: விமானத்தில் போவதென்றால்?

தோட்டா நீக்கிய துப்பாக்கி, பூட்டிய கடினப் பெட்டி, கவுன்டரில் அறிவிப்பு, செக்-இன் சாமான். சிக்கல் வழியில்தான். நியூ ஜெர்சியின் நியூஆர்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்ட ஒரு பயணி பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டலில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் அந்த மாநிலத் துப்பாக்கிச் சட்டப்படி கைதானார். துப்பாக்கி எட்டும் தூரத்தில் இருந்ததால் வழியில் உள்ள மாநிலங்களைக் கடந்து துப்பாக்கி கொண்டுபோகிறவருக்குக் கூட்டாட்சிச் சட்டம் தரும் பாதுகாப்பு அவருக்குப் பொருந்தாது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியூ ஜெர்சியிலோ நியூயார்க்கிலோ இரவு தங்க நேர்ந்தால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். விமான நிறுவனத்திடமே இருக்கட்டும்.